கால் எட்டாத இடத்தில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிறந்த வீடு கொடுமுடி. காவிரிக்கரையில் வளர்ந்தும் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டியதில்லை. 45 வயதில் நீச்சல் குளத்தில் சேர்ந்து, இப்போது 25 மீட்டர் நிற்காமல் நீந்துகிறேன். ஆனால் ஆழமான பக்கத்தில் ஒரே இடத்தில் நிற்க முயன்றால் அரை நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது, கம்பியைப் பிடித்துவிடுகிறேன். "காலை வேகமாக உதையுங்கள்" என்கிறார் பயிற்சியாளர். உதைக்க உதைக்கக் களைப்புதான் கூடுகிறது. நிலைநீச்சல் எனக்கு வரவே வராதா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

வரும். கற்றுக்கொடுத்த வரிசைதான் தலைகீழ். கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்ட பிள்ளைகளுக்கு நீந்திப் போக இடமே கிடையாது. எனவே மூழ்காமல் நிற்பதைத்தான் முதலில் பழகினார்கள். குளத்திலோ முதல் நாளே அக்கரைக்கு விரட்டுகிறார்கள். இது எனக்குக் கோபம் தரும் விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். வங்கதேசத்தில் கிராமத்துக் குளங்களில் மூங்கில் மேடை கட்டிக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறார்கள். 25 மீட்டர் நீந்துவதோடு 30 விநாடி மிதந்தும் காட்ட வேண்டும் என்று அங்கே வைத்திருக்கிறார்கள். நம் வகுப்புகளிலும் அது வேண்டும்.

உங்கள் களைப்புக்கு வருவோம். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் உடல் தானே மிதக்கும். ஆனால் உச்சந்தலைதான் வெளியே தெரியும். நீங்கள் கழுத்துவரை வெளியே நீட்டப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தலை மட்டுமே நாலைந்து கிலோ. தண்ணீருக்கு வெளியே வந்த எடை முழுவதையும் கால்தான் சுமக்க வேண்டும். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, காது நனையட்டும். வாயும் மூக்கும் வெளியே இருந்தால் போதும். மூச்சை நிறைய இழுத்து, சற்று வைத்திருந்து, சட்டென்று விட்டு உடனே மறுபடி இழுங்கள். மூச்சை முழுவதும் விட்டுவிட்டுத் தாமதித்தால் உடல் இறங்கும்.

கைகளால் தண்ணீரைக் கீழே அடிக்காதீர்கள். அடித்த கையை மேலே தூக்கும்போது அதுவே உங்களைக் கீழே தள்ளும். மேசையில் சிந்திய மாவை இரு பக்கமும் வழித்து ஒதுக்குவதுபோல, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ளங்கைகளைச் சற்றுச் சரித்து உள்ளும் வெளியுமாக வீசுங்கள். தொடைகளை விரித்து மடக்கிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வட்டம் போடுங்கள். இரண்டு காலும் சேர்ந்தல்ல, ஒன்று மாற்றி ஒன்று. தண்ணீர்ப் பந்து விளையாடுகிறவர்கள் இரு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பது இந்தக் காலசைவால்தான். முதலில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கால்களை மட்டும் பழகுங்கள். வேகம் வேண்டாம்.

பழகும்போது உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள் அருகில் இருக்கட்டும். மூழ்குகிறவர் கூச்சலிடுவார் என்று நம்ப முடியாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் கணத்தில் மூச்சு இழுக்கவே நேரம் சரியாக இருக்கும்.

கொடுமுடிக்குப் போகும்போது இதைக் காவிரியில் சோதித்துப் பார்க்க ஆசை வரும். ஓடும் தண்ணீரில் நீங்கள் ஒரே இடத்தில் நிற்க முடியாது, அது இழுத்துக்கொண்டு போகும். மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறதென்று மேலிருந்து தெரியாது. இந்த ஆண்டு குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.