கேன்சர் கோட்டா என்று ஒன்று கிடையாது, அம்மா

கேள்வி: என் மகளுக்கு 7 வயதில் ரத்தப் புற்றுநோய் (ஏ.எல்.எல்.) வந்து, இரண்டரை வருடம் கீமோ கொடுத்துக் குணமானது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான், இப்போது பிளஸ் டூ. வார்டில் பார்த்த டாக்டர்களைப் போல ஆகணும் என்று நீட்டுக்குப் படிக்கிறாள். கேன்சர் வந்த பிள்ளை என்று மெடிக்கல் ஃபிட்னஸில் கழித்துவிடுவார்களா? கேன்சர் கோட்டாவில் சீட் வாங்கித் தர ஒருவர் 3 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- விருதுநகர் மாவட்ட வாசகி

பதில்: முதலில் அந்த 3 லட்சம். கொடுக்காதீர்கள். ஏற்கெனவே அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள், இழுத்தடித்தால் போலீசில் புகார் கொடுங்கள். எம்பிபிஎஸ்ஸுக்கு கேன்சர் கோட்டா என்று ஒன்று தமிழ்நாட்டு ஒதுக்கீட்டிலும் இல்லை, அகில இந்திய ஒதுக்கீட்டிலும் இல்லை. இந்த ஆட்கள் செய்வது என்னவென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் உண்டல்லவா, அதில் உங்கள் பிள்ளையை நுழைக்க ஒரு பொய்ச் சான்றிதழ் தயார் செய்வார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் ரத்தம் சம்பந்தப்பட்டவை ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் மட்டும்தான், உங்கள் மகளுக்கு வந்து குணமான லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், அதில் இல்லை. மெடிக்கல் போர்டில் மாட்டினால் சீட்டும் போய் வழக்கும் வரும், புரோக்கர் அப்போது போனை எடுக்கமாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், உங்களுக்கு உண்மையிலேயே இருக்கும் ஒதுக்கீட்டை அவர் சொல்லவே இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, ஃபீஸையும் அரசே கட்டுகிறது. படித்த பள்ளித் தலைமை ஆசிரியர்களிடம் சான்று வாங்கி வையுங்கள், இதற்கு யாருக்கும் ஒரு பைசா தரவேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் மகளுக்குப் பொருந்தாது, ஆனால் வார்டில் உங்களோடு இருந்த யாராவது இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். எலும்புப் புற்றுநோயில் காலை எடுக்க வேண்டி வந்த பிள்ளைகள், அல்லது காலைக் காப்பாற்றி உள்ளே உலோகம் வைத்து, முட்டி சரியாக மடங்காத பிள்ளைகள், இவர்களுக்குக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 5 சதவீத இடத்துக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம், நீட்டிலும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். சதவீதத்தை மட்டும் பார்த்துக் கழிக்காதே, இந்தப் பிள்ளையால் படிக்க முடியுமா என்று பார் என்று உச்ச நீதிமன்றமே 2024-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் நான் பார்த்த ஒரு பையன், செயற்கைக் காலோடு, ஒரு கையெழுத்துக்காக மூன்று முறை பஸ் ஏறினான். கால் இல்லை என்பதை மூன்று தடவை நிரூபிக்க வேண்டுமா? சரி, அதை விடுங்கள்.

ஃபிட்னஸ் விஷயத்தில் பயப்பட வேண்டாம். புற்றுநோய் வந்து குணமானவர் எம்பிபிஎஸ் சேரக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. வந்த நோயை மறைக்கவும் வேண்டாம், மறைக்கும் அளவுக்கு அது குற்றமும் இல்லை. அதேபோல, நோயை வென்ற கதைக்கு ஒரு மார்க்கும் கிடையாது. நீட்டில் 180 கேள்விகள், அதில் ஒன்றுகூட நீ ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்காது. ஒரு புற்றுநோய் டாக்டராக எனக்கு இதில் வருத்தம்தான், ஆனால் என் வருத்தத்தை வைத்து கவுன்சலிங் நடக்காது.

நீங்கள் அலைய வேண்டியது வேறு ஒரு காகிதத்துக்கு. சிகிச்சை எடுத்த மருத்துவமனையில் முழு சிகிச்சைச் சுருக்கம் எழுதி வாங்குங்கள், டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது. டானோரூபிசின், டாக்சோரூபிசின் என்று சிவப்பு நிறத்தில் ஏறிய மருந்து ஞாபகம் இருக்கிறதா? அது மொத்தம் எவ்வளவு போனது என்று அதில் இருக்க வேண்டும். அந்த மருந்து இதயத்தை வருடங்கள் கழித்தும் பாதிக்கக்கூடும் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்று எடுத்து அதோடு இணைத்து வையுங்கள். உள்நோயாளி பதிவேடுகளை 3 வருடம் வைத்திருந்தால் போதும் என்பதுதான் இங்கே விதி. குழந்தைக்கு வந்த புற்றுநோய்க்கு 3 வருடம்! பழைய ஃபைலைக் கழித்துவிட்டோம் என்று சொன்னால், உங்கள் பீரோவில் இருக்கும் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய், அதைப் பார்த்தாவது எழுதிக் கொடுங்கள் என்று உட்கார்ந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை யாருமே சொல்வதில்லை. குழந்தையில் போட்ட தடுப்பூசிகளின் பலனைக் கீமோ குறைத்திருக்கலாம். நாளைக்கு வார்டில் ஊசி, ரத்தம் என்று புழங்கப்போகிற பெண்ணுக்கு ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்புச் சக்தி இருந்தாக வேண்டும். ஆன்டி-எச்பிஎஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை, அது 10-க்குக் கீழே இருந்தால் டாக்டரைப் பார்த்து மறுபடி ஊசி போடச் சொல்லுங்கள். முழுதாகப் போட வேண்டி வந்தால் 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். நீட் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் காலேஜ் திறப்பதற்குள் முடியாது, பரிசோதனையை இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.