கிரய ஒப்பந்தம் போட்ட பிறகு விற்பவர் பத்திரம் எழுதித் தர மறுத்தால்?

கிரய ஒப்பந்தம் என்பது, இன்ன விலைக்கு இன்ன தேதிக்குள் விற்கிறேன் என்று எழுதித் தரும் வாக்கு. நிச்சயதார்த்தம் மாதிரி, தாலி இன்னும் ஏறவில்லை. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி இதனால் மட்டும் இடம் உங்களுடையதாகிவிடாது.

விற்பவர் இழுத்தடித்தால் முதலில் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் பத்திரம் எழுதித் தரச் சொல்லி சிவில் வழக்கு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மீதிப் பணத்தோடு தயாராக இருந்ததை வாங்குபவர்தான் நிரூபிக்க வேண்டும். பாங்க் ஸ்டேட்மெண்ட் கைகொடுக்கும். இடையில் கொடுக்கும் ரொக்கத்துக்கு ஒப்பந்தத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வழக்குப் போட 3 வருடம் இருக்கிறதே என்று பலர் சும்மா இருக்கிறார்கள். அது கடைசி எல்லைதான், அந்தத் தாமதத்தையே எதிர்த்தரப்பு உங்களுக்கு எதிராகக் காட்டும்.