எல்லா கம்பெனிக்கும் பயன்படும் என்றால் யார் வாங்குவார்கள்?

அம்மா, நீங்கள் எழுதியதை ரெண்டு முறை படித்தேன். கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து விற்கப் போகிறேன் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாள், உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. பயம் நியாயமானதுதான். ஆனால் அவளுக்கு மென்பொருள் எழுத வருமா என்று நீங்கள் பயப்பட வேண்டாம், அது நன்றாகவே வருகிறது. "எல்லா கம்பெனிக்கும் பயன்படும்" என்று அவள் சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அங்கேதான்.

வீவா என்ற கம்பெனியின் கதையை அவளைப் படிக்கச் சொல்லுங்கள். 2007-ல் தொடங்கினார்கள். வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் மென்பொருளில் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற கம்பெனி அப்போதே பெரிய ஆள். வீவா அதோடு மோதவில்லை, அதன் தளத்தின் மேலேயே மருந்து கம்பெனிகளுக்கு மட்டும் என்று ஒரு மென்பொருளைக் கட்டியது. மருந்துப் பிரதிநிதி டாக்டரிடம் மாதிரி மருந்து கொடுத்தால் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது, பொதுவான மென்பொருளுக்கு இந்த மாதிரித் தொல்லையெல்லாம் தெரியாது. 2013-ல் வீவா பங்குச் சந்தைக்கே போனது. தொடங்கிய பீட்டர் காஸ்னர் அதற்கு முன் சேல்ஸ்ஃபோர்ஸில் வேலை பார்த்தவர், அதையும் கவனியுங்கள்.

இன்னொரு விஷயம். வீட்டில் நாம் போனில் ஒரு ஆப் வாங்கினால் பயன்படுத்துவதும் நாம், காசு கொடுப்பதும் நாம். கம்பெனியில் அப்படி இல்லை. தினமும் உட்கார்ந்து பயன்படுத்துபவர் ஒருவர், பட்ஜெட்டைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர், தகவல் பாதுகாப்பைப் பார்ப்பவர் ஒருவர், ஒப்பந்தத்தைப் படிக்கும் வக்கீல் ஒருவர். இதில் யார் வேண்டாம் என்றாலும் கதை முடிந்தது. என்னிடம் வந்த இரண்டு பையன்கள் விடுப்புக் கணக்கு பார்க்கும் மென்பொருள் செய்தார்கள், மனிதவள அதிகாரி ஆகா ஓகோ என்றார், ஏழு மாதம் இலவசமாகவே ஓடியது. கடைசியில் நிதி அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "இது இல்லாவிட்டால் எங்களுக்கு என்ன நஷ்டம்?" ரெண்டு பேரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வியை முதல் மாதமே யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் சோதனை ஓட்டத்துக்குக்கூட சின்னத் தொகையாவது வாங்கச் சொல்கிறேன். காசு என்று வந்தால்தான் முடிவெடுக்கிற ஆள் வெளியே வருவார்.

சரி, அவள் இப்போது என்ன செய்ய வேண்டும்? ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து, அங்கே வேலை பார்ப்பவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவர் ஒரு எக்செல் ஃபைலைத் திறப்பார், பேரே "ஃபைனல் புதுசு 3" என்று இருக்கும், மஞ்சள் அடித்த கட்டங்களை மட்டும் தொடாதே என்பார், ஏன் என்று கேட்டால் முன்னால் இருந்தவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார் என்பார். அவளுக்கு நிஜமான போட்டி அந்த ஃபைல்தான். "இப்படி ஒன்று செய்தால் வாங்குவீர்களா?" என்று மட்டும் கேட்க வேண்டாம், மரியாதைக்காகவே எல்லாரும் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். கடைசியாக எப்போது இதில் தப்பு நடந்தது, சரிசெய்ய எத்தனை நாள் ஆனது, யாரிடம் திட்டு வாங்கினீர்கள் என்று கேட்கட்டும்.

பெரிய கம்பெனி ஒன்று முதலிலேயே கிடைத்தால் நீங்கள் எல்லாரும் சந்தோஷப்படுவீர்கள், நான் கொஞ்சம் பயப்படுவேன். அவர்கள் கேட்கிற மாற்றங்களைச் செய்துகொடுத்தே வருஷம் ஓடிவிடும், அப்புறம் அது வேறு யாருக்கும் பொருந்தாது. ஒரே மாதிரிச் சிக்கல் உள்ள ஐந்து நடுத்தரக் கம்பெனிகள் கிடைத்தால் அது மேல். அங்கேயும் பேச்சு தொடங்கிக் கையெழுத்தாக மாதக்கணக்கில் ஆகும், பில் போட்ட பிறகு பணம் வர இன்னும் 30, 60 நாள். அதுவரை தாக்குப்பிடிக்கப் பணம் இருக்கிறதா என்று அவளோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். இல்லை என்றால் அந்தத் துறையிலேயே ரெண்டு வருஷம் வேலைக்குப் போகட்டும். இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம் என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள், உங்கள் வாயால் கேட்டால் அவளுக்குத் தெம்பாக இருக்கும்.

அடுத்த மாதம் ரெண்டு பேரும் வாருங்கள். பிரசன்டேஷன் எதுவும் வேண்டாம். அவள் நேரில் பார்த்துப் பேசிய பதினைந்து பேர் என்ன சொன்னார்கள் என்று எழுதிய நோட்டை மட்டும் கொண்டுவரட்டும்.