ஐப்பசியில் பூம்பாறைக்கு டெண்ட் வாங்கலாமா?

கேள்வி: தீபாவளி லீவில் கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு ராத்திரி டெண்ட் போட்டுத் தங்க ஆசை. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், என் தம்பி. வருஷா வருஷம் போகிற எண்ணமும் இருக்கிறது. ஆன்லைனில் ‘நாலு பேர், வாட்டர்ப்ரூஃப்’ என்று 3,000 ரூபாய்க்குள் ஒரு டெண்ட், ‘ஜீரோ டிகிரி’ ஸ்லீப்பிங் பேக் எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன். நம்பி வாங்கலாமா? இங்கே கடையில் கேட்டால், பில்லிலேயே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது.
– வாசகி, வத்தலக்குண்டு

பதில்: முதலில் தோட்டக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: டெண்ட் போட்டு ஆட்களைத் தங்கவைக்க அவரிடம் அனுமதி இருக்கிறதா? கொடைக்கானல் பக்கம் அனுமதியில்லாத டெண்ட்களை அதிகாரிகள் பிரித்துப்போட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். பட்டா நிலம்தானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்து மேய்கிற ஊர் அது. வனத்துறை நிலம் என்றால் பேச்சே இல்லை. அனுமதி இல்லையென்றால் கீழே உள்ளதைப் படிக்காமல், ஒரு ஹோம்ஸ்டே பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐப்பசி அடைமழைக் காலம். குளிருக்குப் பயந்து ஸ்லீப்பிங் பேக்கில் கொட்டுகிற பணத்தில் பாதியை டெண்டின் மேல்துணிக்குத் திருப்பிவிடுங்கள். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போடலாம். மில்லிமீட்டர் கணக்கு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். துணியின் மேல் எத்தனை மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதே அந்தக் கணக்கு. மேல்துணிக்கு 2,000, தரைக்கு 3,000 இருந்தால் மலை மழைக்குத் தைரியமாகப் போகலாம். எண்ணே இல்லாத டெண்ட் மொட்டைமாடிக்குப் போதும்.

இன்னொன்று, மலிவு டெண்ட்களில் மேல்துணி உச்சியில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும். சாரல் பக்கவாட்டில் அடித்தால் உள்ளே குளம்தான். கிட்டத்தட்டத் தரை வரை இறங்குகிற தனி மேல்துணி வேண்டும். ஒற்றைத் துணி டெண்டில் இன்னொரு தொல்லை: ஐந்து பேர் விடும் மூச்சு விடியற்காலையில் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு முகத்தில் சொட்டும். டெண்ட் ஒழுகுகிறது என்று நினைத்துப் பலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதற்காகத்தான்.

‘நாலு பேர்’ என்பதையும் டேப் வைத்து அளந்து நம்புங்கள். அகலம் 210 செ.மீ. என்றால் ஆளுக்கு 52 செ.மீ.தான், பையை எங்கே வைப்பது? நீங்கள் நால்வரும் அதில் படுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் சமாளிக்கலாம். தம்பிக்கும் பைகளுக்கும் தனியாக இரண்டு பேர் டெண்ட் ஒன்று.

ஸ்லீப்பிங் பேக்கில் ‘ஜீரோ’ என்பது எந்த ஜீரோ என்று கேளுங்கள். லேபிளில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’, ‘எக்ஸ்ட்ரீம்’ என்று மூன்று அளவு இருக்கலாம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பல சமயம் கடைசி எண். அது உயிர் தப்பிக்கிற கணக்கு, தூக்கம் வருகிற கணக்கு இல்லை. அந்த உயரத்தில் ஐப்பசி ராத்திரி பத்து டிகிரியை ஒட்டி இருக்கும். ‘கம்ஃபர்ட் 5’ தாராளம். இறகு அடைத்தது வேண்டாம், ஈரம் பட்டால் சூடு போய்விடும். அடியில் தடிமனான ஃபோம் பாய் இல்லாவிட்டால் எந்த பேக்கும் உதவாது. ஜமுக்காளத்தை நம்பாதீர்கள், தரை ஈரத்தை அப்படியே உறிஞ்சிவிடும்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வாங்குங்கள். ஆன்லைனில் திருப்பித் தர ஒரு வாரம், பத்து நாள்தான் கொடுப்பார்கள். பார்சலைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள். அன்றே மாடியில் விரித்து, உள்ளே தரை முழுக்கச் செய்தித்தாளைப் பரப்பி, தையல்களின் மேல் கால்மணி நேரம் ஹோஸ் தண்ணீர் பிடியுங்கள். எந்தத் தையல் விடுகிறது என்பதைப் பேப்பரில் விழுகிற ஈரப்புள்ளி காட்டிக்கொடுக்கும். படம் எடுத்துவிட்டு நிழலில் காயவைத்து மடியுங்கள். இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். மலையில் டெண்டுக்கு அடியில் தார்ப்பாய் விரித்தால் அதன் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மழைநீரை அதுவே வாங்கி உங்கள் முதுகுக்கு அடியில் விட்டுவிடும்.

‘திரும்பப் பெறப்படாது’ என்ற அச்சுக்கு வருவோம். குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். ‘3,000 மி.மீ.’ என்று விற்ற டெண்ட் ஹோஸ் தண்ணீருக்கே ஒழுகினால் அது குறைதான். கலர் பிடிக்கவில்லை, நாலு பேருக்கு நெருக்கமாக இருக்கிறது என்பதெல்லாம் இதில் வராது. பில், லேபிள், படங்களை வைத்துக்கொண்டு முதலில் எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரானாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இரண்டு வருஷம் அவகாசம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: கொடைக்கானலில் டெண்ட் போட்டால் மழையில் விறகு தீப்பிடிக்காதே, கையடக்க கேஸ் அடுப்பு கொண்டுபோகலாமா?
– வாசகர், பெரியகுளம்

பதில்: சொந்த வண்டியில் போனால் கொண்டுபோகலாம், பஸ்ஸில், ரயிலில் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கேனை விடாதீர்கள். வெறும் பியூட்டேன் கேன் குளிரில் சுணங்கும். புரொப்பேன் கலந்ததை வாங்குங்கள். டெண்டுக்குள் மட்டும் எதையும் பற்றவைக்காதீர்கள், கரி அடுப்பாக இருந்தால் அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே எடுத்து வராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கொடைக்கானலுக்குள் வண்டி நுழைய ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸை எடுத்துவிட்டீர்களா? இலவசம்தான், ஆனால் மலையேறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் கேன். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை, பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய்.