டயாலிசிஸ் இல்லாத சிறுநீரக நோயாளிக்கு ரத்தம் குறைந்தால் இரும்பு மாத்திரை போதுமா, ஊசி போட வேண்டுமா?

அப்பாவுக்கு கிரியாட்டினின் 3.4, ஹீமோகுளோபின் 8.8, டயாலிசிஸ் இன்னும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் அம்மாவும் இதே நிலையில்தான் இருக்கிறார். அவருடைய கிட்னி டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஊசியா மாத்திரையா என்பதற்கு முன்னால் ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது) என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் பார்த்துவிடுங்கள். ரத்தம் ஊறுவதற்கு எரித்ரோபாய்டின் (சுருக்கமாக இபோ) என்ற ஹார்மோன் வேண்டும். அதைச் சுரப்பது சிறுநீரகம். அது பழுதானால் சுரப்பும் குறைகிறது, இபோ ஊசி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. ஆனால் உடம்பில் இரும்பு இல்லாமல் ஊசி மட்டும் போட்டால் காசுதான் கரையும். சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு போதவில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஃபெரிட்டினை மட்டும் நம்பாதீர்கள். எங்காவது ஒரு தொற்று இருந்தாலே அது ஏறிவிடும்.

இரும்பு ஏன் குறைந்தது என்றும் கேளுங்கள். மூலம், வயிற்றுப்புண், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை (கிட்னிக்கே ஆகாது அது) எதுவாகவும் இருக்கலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தவராக இருந்தால் பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு முதலில் மாத்திரைதான் கொடுத்தார்கள். காலை காபியோடு அதை விழுங்குவார், பக்கத்திலேயே கால்சியம் மாத்திரை. இரண்டுமே இரும்பு உடம்பில் சேராமல் தடுப்பவை. நேரத்தை மாற்றிப் பார்த்தோம். மலம் கறுத்தது, மலச்சிக்கல் வந்தது, சாச்சுரேஷன் மட்டும் நகரவில்லை. அப்புறம் அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு மருந்தை டிரிப்ஸாக ஏற்றினார்கள். அதில்தான் எண் ஏறியது.

இரும்பு சரியாகியும் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழேயே நின்றால்தான் பெரும்பாலும் இபோ பற்றி யோசிப்பார்கள். இலக்கு 10 முதல் 11.5 வரை. "ஏன் 13 ஆக்கக் கூடாது?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். டயாலிசிஸ் இல்லாத சர்க்கரை நோயாளிகள் சுமார் 4,000 பேரிடம் டார்பெபோய்டின் என்ற இபோ வகை ஊசியால் 13-ஐ எட்ட முயன்ற ட்ரீட் ஆய்வு 2009-இல் வெளியானது. ஊசி போட்டவர்களுக்குப் பக்கவாதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. அதனால் எண் வேகமாக ஏறினால் டாக்டர் அளவைக் குறைப்பார், பயப்படாதீர்கள். பிரஷரும் ஏறும் என்பதால் வீட்டில் ஒரு பிபி மெஷின் அவசியம்.

இபோ ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, குலுக்கவும் கூடாது. கடைக்காரர் ஐஸ் பை இல்லாமல் வெறும் கவரில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். சிறுநீரக நோயால் வரும் ரத்தக்குறைவுக்கான டெசிடுஸ்டாட் என்ற மாத்திரைக்கு 2022-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஊசி வேண்டாம் என்பவர்கள் அது தங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

பேரீச்சை, மாதுளை, முருங்கைக்கீரை என்று உறவினர்கள் அடுக்குவார்கள். பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் எதையும் தினமும் கொடுக்காதீர்கள். பின்னாளில் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்யும் எண்ணம் இருந்தால், அவசரம் இல்லாத ரத்தம் ஏற்றலையும் தவிர்ப்பது நல்லது. ஏற்றிய ரத்தத்துக்கு எதிராக உடம்பில் உருவாகும் ஆன்டிபாடிகளால் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது கடினமாகிவிடும்.