பருவமழைக்கு வீட்டைத் தயார் செய்ய ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டுமா?

வேண்டாம். சென்னையில் நாலு பேர் இருக்கும் ஒரு ஃபிளாட் என்ற கணக்கில் சொல்கிறேன்.

ஆன்லைனில் 'எமர்ஜென்சி கிட்' என்று விற்கும் பையைத் தொடாதீர்கள். அதிலுள்ள ஃபாயில் போர்வை பனியில் சிக்கியவருக்கு உதவும், வேளச்சேரியில் எதற்கு? 2015 டிசம்பர் வெள்ளமோ 2023 மிக்ஜாம் புயலோ, இங்கே வீடுகளில் முதலில் தீர்ந்தது குடிதண்ணீர், பால், ஃபோன் சார்ஜ், கைக்காசு. 2016-இல் வர்தா புயல் வந்தபோது பணமதிப்பிழப்பு நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, ஏடிஎம் வரிசை வேறு. இந்த நாலும் நாலு நாளைக்குக் கையில் இருந்தால் பதற்றத்துக்கு வேலையில்லை.

தண்ணீரில் தொடங்குங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வைத்தால், நாலு பேருக்கு நாலு நாளைக்கு 64 லிட்டர். மூன்று 20 லிட்டர் கேனும் சில பாட்டிலும் சரியாகிவிடும். கேன் போடுகிற வீடாக இருந்தால், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வழக்கத்தைவிட இரண்டு கேன் கூடுதலாகச் சுற்றில் விடுங்கள். பழையதை முதலில் கவிழ்த்து, புதியதைப் பின்னால் நிறுத்தினால் எதுவும் கெடாது. கூடுதல் டெபாசிட்டும் கேனைத் திருப்பிக் கொடுத்தால் வந்துவிடும். ஆர்ஓ வீட்டுக்காரர்கள் கவனிக்க: கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். எச்சரிக்கை வந்த அன்றே குடங்களில் பிடித்து மூடிவையுங்கள். பாத்ரூமுக்குத் தனியாக இரண்டு டிரம் வேண்டும். ஃபிளஷுக்கே அதிகம் போகும்.

பலரும் கோட்டை விடுவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பில். தெருவில் தண்ணீர் ஏறினால் மூடியின் இடுக்கு வழியாகச் சாக்கடை கலந்து உள்ளே இறங்கும். மழை வலுக்கும் முன்பே மாடித் தொட்டியை நிரப்பி மோட்டாரை நிறுத்திவிடுங்கள். வடிந்தபின் "எப்படி இருக்கு பார்ப்போம்" என்று யாராவது சுவிட்சைப் போட்டால், நல்லபடியாக இருந்த மாடித் தொட்டியும் போச்சு. முதலில் சம்ப்பை இறைத்து, தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும். பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அப்படியே தூவக்கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும்; மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். போன வருடம் பிரித்த பாக்கெட்டில் நெடி போயிருந்தால் அது வெறும் சுண்ணாம்புதான், புதிதாக வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கென்று தனி ஸ்டாக் தேவையில்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே செலவாகும் அவல், ரவை, பொரி, சேமியாவில் ஆளுக்கு அரைக் கிலோ கூடுதலாக மாதச் சாமானோடு வாங்குங்கள். ரவையை வறுத்து ஆறவைத்துப் போட்டால் வண்டு பிடிக்காது. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இருந்தால் சோறு மட்டும் வடித்தால் போதும். பாலுக்கு அரைக் கிலோ பால் பவுடர். கலந்தால் ஏறக்குறைய 4 லிட்டர் வரும். வீட்டில் யாருக்கும் பிடிக்காத டப்பா உணவை 'ஆத்திர அவசரத்துக்கு' என்று வாங்கினால் அது காலாவதியாகிக் குப்பைக்குத்தான் போகும். இண்டக்‌ஷனை நம்பாமல், சிலிண்டரை மாற்றிய அன்றே அடுத்ததைப் புக் செய்துவிடுங்கள்.

பவர் பேங்கில் 10,000 என்று போட்டிருந்தாலும் 5,000 எம்ஏஎச் ஃபோனை இரண்டு முறை நிரப்பாது. வோல்டேஜை மாற்றுவதில் கொஞ்சம் போய்விடும், ஒன்றரை முறைக்குச் சற்றுக் குறைவாகவோ கூடவோ வரும். டிராயரில் மறந்துபோனது தேவைப்படும் நாளில் உயிரோடு இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். டார்ச்சுக்குள் செல்லைப் போட்டே வைத்தால் கசிந்து ஸ்பிரிங்கில் பச்சை பூக்கும். செல்லைக் கழற்றி ரப்பர் பேண்ட் போட்டு டார்ச்சோடு கட்டிவையுங்கள். மெழுகுவத்திக்குப் பதில் ரீசார்ஜபிள் எல்இடி பல்பு இரண்டு போதும்.

இன்வெர்ட்டர் இருந்தால் கணக்கு இது: 150 ஏஎச் பேட்டரியில் நிஜமாகக் கையில் கிடைப்பது 1,200 வாட்-மணி அளவு. சாதாரண ஃபேன் ஒன்று, இரண்டு எல்இடி, ரவுட்டர் சேர்ந்து 100 வாட்டைத் தொடும், 11–12 மணி நேரம் வரும். அதே இடத்தில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 20 மணி நேரம். வீட்டில் ஒரு ஃபேனையாவது மாற்றுவது இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட மலிவு, மாதக் கரண்ட் பில்லிலும் தெரியும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் பேட்டரியை மேடையில் ஏற்றிவையுங்கள்.

பிபி, சுகர் மாத்திரை தீர 15 நாள் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் இன்சுலினைத் தண்ணீர் படாதபடி டப்பாவில் போட்டு, ஈரமண் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கலாம். ஃபிரீசர் ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது. ஓஆர்எஸ் நாலு பாக்கெட், கொசுவத்தி, 50, 100 ரூபாய் நோட்டாக ஒரு மூவாயிரம். இவ்வளவுதான் பட்டியல்.

எப்போது செய்வது? ஆயுத பூஜைக்கு எப்படியும் வீட்டில் எல்லாவற்றையும் துடைக்கிறோம். மழை தொடங்கவும் அதுதான் சமயம். டார்ச், பவர் பேங்க், பேட்டரியின் டிஸ்டில்டு வாட்டர் எல்லாவற்றையும் அன்றே பார்த்துவிடலாம். போகிக்குள் கூடுதல் அவலையும் ரவையையும் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். இடையில் வானிலைக் காணொளிகளை ராத்திரி முழுக்கப் பார்க்க வேண்டியதில்லை. வானிலை மையத்தின் அறிவிப்பைக் காலையிலும் மாலையிலும் பார்த்தால் போதும்.

மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, மாநகராட்சி 1913, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987, ஆம்புலன்ஸ் 108. ஃபோன் அணைந்துவிட்டால் அதில் சேமித்த எண்ணால் பயனில்லை, தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள், ஜெல் பேனா மை ஈரம் பட்டால் கரையக்கூடும்.