தெருக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் பில் யார் பெயரில்?

இந்த முறை வந்த கடிதங்களில் பல, ஒரே தெருவிலிருந்து வந்தவை போல இருந்தன. திருட்டுப் பயம், எரியாத விளக்கு, புதர் மண்டிய காலிமனை என்று ஊர்தான் மாறுகிறதே தவிர கவலை ஒன்றுதான். அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் 34 வீடுகள். போன வருஷம் சங்கிலிப் பறிப்பு நடந்த பிறகு வீட்டுக்கு 2,000 ரூபாய் போட்டு, 68,000 ரூபாயில் ஆறு கேமரா வைத்தோம். 30 நாள் ரெக்கார்டிங் நிற்கும் என்று கேமரா போட்டவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். போன மாதம், ஊருக்குப் போயிருந்த ஒரு குடும்பத்தின் பைக் திருடுபோனது. ஒன்பது நாள் கழித்து வந்துதான் கவனித்தார்கள். பதிவுப் பெட்டியான டிவிஆரைத் திறந்தால் ஏழு நாள் பதிவுதான் இருக்கிறது. அதிலும் ராத்திரிப் படம் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது, ஆள் முகம் தெரியவில்லை. கேட்டால், "கேமரா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்கிறார். கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டு மட்டும். பில் இல்லை. — வாசகி, மடிப்பாக்கம்

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் வழக்கே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகும். ஆறு கேமராவுக்குச் சுமார் 130 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஏழரை நாளில் நிரம்பிவிடும், பிறகு பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். உங்களுக்கு ஏழு நாள்தான் நிற்கிறது என்றால் உள்ளே இருப்பது அநேகமாக 1 டிபி டிஸ்க். டிவிஆர் மெனுவில் ஸ்டோரேஜ் என்ற இடத்தில் பார்த்தால் தெரிந்துவிடும், அதைப் படம் எடுத்து வையுங்கள். 30 நாள் நிற்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 3.9 டிபி வேண்டும், அதாவது 4 டிபி டிஸ்க். 30 நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏழு நாளுக்கான பொருளைப் போட்டவர், கேமரா ஓடுகிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

முகம் தெரியாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, லென்ஸ். கடைகளில் பெரும்பாலும் 3.6 மி.மீ. லென்ஸ் உள்ள புல்லட் கேமராவைத்தான் தருவார்கள். தெருவை அகலமாகக் காட்டும், திரையில் பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் அறிமுகமில்லாத ஓர் ஆளை முகத்தை வைத்து அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இந்தத் துறையில் வைத்திருக்கும் அளவு. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1,920 பிக்சல். ஆக, படத்துக்குள் வரும் இடம் ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் போனால் முகம் கரைந்துபோகும். 3.6 மி.மீ. லென்ஸில் நாலைந்து மீட்டர் தூரத்திலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் யாரோ போனார்கள் என்று மட்டும்தான் சொல்லலாம். தெருமுனையில் ஒரு கேமராவையாவது 8 மி.மீ. லென்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள், அது சுமார் 10 மீட்டர் வரை முகத்தைப் பிடிக்கும்.

இன்னொன்று ஒட்டடை. நம்ப மாட்டீர்கள், எங்கள் தெருவிலேயே நடந்தது. மூலைவீட்டுக் கேமராவின் ராத்திரிப் பதிவில் வெள்ளைக் கயிறு கயிறாக ஏதோ ஆடிக்கொண்டே இருந்தது. கேமரா போய்விட்டது, புதிது வாங்கலாம் என்று காசு பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், கண்ணாடிக்கு முன்னால் சிலந்தி ஒரு கை அகலத்துக்கு வலை கட்டியிருந்தது. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். அந்த வெளிச்சம் வலையில் பட்டுத் திரும்பியதுதான் வெள்ளைக் கயிறு. ஒட்டடைக் கம்பால் ஒரு இழுப்பு, படம் தெளிந்துவிட்டது. உங்கள் தெருவிலும் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். ஒட்டடைதான் காரணம் என்றால் அதற்காகக் கேமரா போட்டவரைக் குறை சொல்ல முடியாது.

இனி பில். பில் இல்லாமல் வாங்கியதில் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று நினைத்திருப்பீர்கள். 68,000-க்கு அது 12,240 ரூபாய், 34 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 360 ரூபாய். இந்த 360 ரூபாய்க்காகத்தான் இப்போது கையில் காகிதம் இல்லாமல் நிற்கிறீர்கள். வருத்தத்தோடுதான் சொல்கிறேன், எத்தனையோ தெருக்களில் இதே கதை.

ஆனாலும் வழி அடைபடவில்லை. பில் தராததே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. எஸ்டிமேட் சீட்டு, ஜிபே செய்திருந்தால் பணம் போன விவரம், அந்த வாட்ஸ்அப் செய்தி மூன்றும் உங்கள் சாட்சிகள். செய்தி யார் போனில் இருக்கிறதோ அவர் அதை அழிக்காமல், போனையும் மாற்றாமல் வைத்திருக்கட்டும். 4 டிபி டிஸ்க் போட்டு, சொன்னபடி 30 நாள் பதிவைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

யார் பெயரில் என்ற சிக்கல் வரும். பதிவு செய்யாத தெரு நலச்சங்கத்தின் பெயரில் போனால், எதிர்த்தரப்பு முதல் வேலையாக, நீங்கள் யார், உங்களுக்கு வழக்குப் போட என்ன உரிமை என்றுதான் கேட்கும். பணம் கொடுத்தவர்களில் நாலைந்து பேர் தங்கள் சொந்தப் பெயரில் கூட்டாகப் புகார் கொடுப்பது நல்லது. அப்படிக் கொடுக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அடுத்த முறை தெருவுக்கு எது வாங்கினாலும் பில்லை வாங்கும்போதே ஒருவர் பெயரில் வாங்கி, வசூல் நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். டிஸ்க் எத்தனை டிபி, எந்த லென்ஸ், கேபிள் முழுச் செம்பா அல்லது செம்பு பூசிய அலுமினியமா, வாரண்டி எத்தனை வருஷம் என்று நாலும் பில்லிலேயே இருக்கட்டும். பெட்டியின் மேல் 'ஆர்' என்று தொடங்கும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஐந்து மாதமாக எங்கள் தெருவில் மூன்று விளக்கு எரியவில்லை. வரி ஒழுங்காகக் கட்டுகிறேன். மாநகராட்சியை நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்கலாமா? — வாசகர், வில்லிவாக்கம்

பதில்: இழுக்க முடியாது. வரி என்பது ஒரு குறிப்பிட்ட சேவைக்குக் கொடுக்கும் விலை ஆகாது என்பதால் வரி கட்டுபவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகப் பார்ப்பதில்லை. உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்தக் கதவைத் தட்டி நாளை வீணாக்க வேண்டாம்.

சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913-ஐ அழையுங்கள். அழைக்கும் முன் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "மளிகைக் கடைக்கு எதிரில்" என்று சொன்னால் வரும் ஊழியர் தேடிவிட்டுப் போய்விடுவார், புகார் முடிந்ததாகக் கணக்கும் எழுதிவிடுவார்கள். மூன்று கம்பத்துக்கு மூன்று புகார், மூன்று புகார் எண். கம்பத்தில் ஷாக் அடிக்கிறது, ஒயர் தொங்குகிறது, தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸ் திறந்து கிடக்கிறது என்றால் மின்வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். அவர்களுடைய புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு உடனே சொல்லுங்கள், மழைக்காலத்தில் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடாதீர்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் புகார் எண்களோடு 1100-ஐ அழையுங்கள், அது 'முதல்வரின் முகவரி' என்ற அரசுக் குறைதீர்ப்புத் துறையின் எண்.

விளக்கு எரிகிறது, ஆனால் வேப்பமரக் கிளை மறைக்கிறது என்றாலும் 1913 தான். நீங்களே வெட்டப் போகாதீர்கள்.

கேள்வி: தெருவிளக்கை நம்பிப் பயனில்லை என்று ஆன்லைனில் 200 வாட்ஸ் சோலார் விளக்கு இரண்டு வாங்கினோம். மாலை ஏழு மணிக்குப் பளிச்சென்று எரிகிறது, பத்து மணிக்கு அகல்விளக்கு மாதிரி ஆகிவிடுகிறது. — வாசகர், திருச்சி

பதில்: விளக்கின் மேல் இருக்கும் சோலார் தகட்டின் அளவைப் பாருங்கள். இந்த மாதிரி விளக்குகளில் அது நோட்டுப் புத்தக அளவுதான் இருக்கும். 6 வாட் தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் முழுதாக மின்சாரம் தந்தாலும் சேர்வது 30 வாட்-மணி. நிஜமான 200 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிய 2,400 வாட்-மணி வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் 200-க்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இது தவறான விளம்பரம். விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு, அட்டைப் படத்தையும் தகட்டின் படத்தையும் வைத்து எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இனி வாங்கும்போது வாட்ஸைப் பார்க்காதீர்கள். தகடு எத்தனை வாட், பேட்டரி எத்தனை வாட்-மணி, வெளிச்சம் எத்தனை லூமன் என்று பாருங்கள். இந்த மூன்றையும் சொல்லாத விளக்கை வாங்க வேண்டாம்.

கேள்வி: பக்கத்துக் காலிமனையில் ஆள் உயரத்துக்குக் கருவேலம். பாம்பு வருகிறது. சொந்தக்காரர் யார் என்றே தெரியவில்லை. — வாசகி, மதுரை

பதில்: அக்கம்பக்கத்தில் யாராவது தங்கள் பத்திரத்தை எடுத்து, நான்கெல்லையில் அந்த மனை எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சர்வே எண் கிடைத்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம், சொந்தக்காரர் பெயர் வந்துவிடும். அதை வைத்து மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் எழுத்து மூலமாக மனு கொடுங்கள். அவர்கள் அசையாவிட்டால் கோட்டாட்சியரிடம் போகலாம். பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் அவருக்கு இருக்கிறது. பாம்பை வீட்டுக்குள் பார்த்தால் அடிக்கப் போகாமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். புதருக்குத் தீ வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுங்கள்.

கேள்வி: மாதம் 18,000 ரூபாய்க்கு ஒரு ஏஜென்சி மூலம் ராத்திரி வாட்ச்மேன் வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒரு ஆள் மாறுகிறார். இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் தூங்குகிறார். போன வாரம் ஒரு வீட்டில் சைக்கிள் போனது. நஷ்டத்தைத் தர மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கிறதாம். — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஏஜென்சியிடம் முதலில் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்தக் கூடாது, ஆளின் பின்னணியைச் சரிபார்த்துப் பயிற்சி கொடுத்த பிறகுதான் வேலைக்கு அனுப்ப வேண்டும். வாரம் ஒரு புது முகம் வருகிறது என்றால் அது நடக்கவில்லை என்றே சந்தேகப்பட வேண்டும். வருகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பாருங்கள். உங்கள் தெருவில் யார் எப்போது ஊரில் இல்லை என்பதை அந்த ஆள் ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டு போகிறார்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டதால் ஏஜென்சி முழுதாகக் கைகழுவிவிட முடியாது. காசு வாங்கிக்கொண்டு காவல் செய்யவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அவர்களுடைய கவனக்குறைவால்தான் சைக்கிள் போனது என்று நீங்கள் காட்ட வேண்டும். தூங்கும் நேரத்தைத் தேதி போட்டுக் குறித்து, அன்றைக்கே ஏஜென்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே வாருங்கள். வாயால் சொன்ன புகாருக்குச் சாட்சி இல்லை.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும். அந்த 18,000-இல் அந்த மனிதருக்குக் கையில் எவ்வளவு போகிறது? வார விடுமுறை உண்டா? ஏஜென்சி அவரைப் பகலில் வேறு இடத்தில் நிறுத்திவிட்டு ராத்திரி உங்களிடம் அனுப்புகிறதா? பகல் முழுக்க ஒரு கடை வாசலில் நின்றவர் ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்காமல் என்ன செய்வார்? புது ஒப்பந்தத்தில், பகல் வேலை பார்க்காத ஆள், வாரம் ஒரு நாள் மாற்று ஆள், மூன்று மாதத்துக்கு ஒரே முகம் என்று மூன்று நிபந்தனை போடுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு நாற்காலி, மழைக்கோட்டு, நல்ல டார்ச், அவர் போய்வர யாராவது ஒருவர் வீட்டின் வெளிக் கழிப்பறைச் சாவி. இதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் தெருக் கூட்டத்தில் பேசி ஒத்துக்கொள்ளுங்கள்.